கரையம்மைக்கு அவள் பூசாரி எழுதுவது

ஆறு மாதம் மூத்தவளை ஒருநாள்கூட அக்காள் என்று அழைத்திராத என் பிலோமினாவுக்கு,

நீ போனபின் உன்னைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். பழைய மாணவிகள் கொண்டுவந்த நினைவு மலரில் உன் படத்துக்குக் கீழே 'பொறுமையின் சிகரம்' என்று போட்டிருக்கிறார்கள். ஆள் மாறிவிட்டதோ என்று படத்தை இன்னொருமுறை பார்த்தேன். நீதான். தாமிரபரணியை அரபிக்கடலில் கொண்டுபோய்ச் சேர்த்த ஒரு பெண்ணின் வரைபடத்தை நீ வகுப்பு நடுவே இரண்டாகக் கிழித்தது அந்த மலர்க்குழுவில் ஒருவருக்கும் நினைவில்லை போலும்.

அவர்கள் எழுதாததை நான் எழுதுகிறேன். புவியியல் நடத்திய நீயும் பௌதிகம் நடத்திய நானும் ஓய்வுபெற்ற பிறகு, பாளையங்கோட்டையில் உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஞாயிறுதோறும் பூதங்களோடு சண்டை போட்டோம். வாசிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். நீ காத்திரு. பொறுமையின் சிகரம் அல்லவா நீ.

விளையாட்டு இதுதான். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, 'குகைக்குள் நுழைகிறேன்', 'பாலத்தைத் தாண்டுகிறேன்' என்று வாயால் சொல்வார்கள். நினைத்தது நடந்ததா இல்லையா என்பதை இருபது முகமுள்ள ஒரு பகடை தீர்மானிக்கும். குழந்தைத்தனம் என்று முகம் சுளிக்கிறவர்கள், தினம் இரவு தாங்கள் பார்க்கும் தொடரில் யார் யாருக்கு விஷம் வைத்தார்கள் என்பதை ஒருகணம் எண்ணிப் பார்க்கட்டும்.

கொரோனா அடைப்பில் உன் தம்பி மகள் ஜெனி, வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்ப்பதற்கு உன்னிடம் வந்தாள். அவள் பெட்டியில் துணியைவிடப் பகடை அதிகம். நீதிமன்றத்தில் பெஞ்சு கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற சங்கரன் அண்ணாச்சி, அடுத்த தெருவிலிருந்து நான்காவது ஆளாக வந்து சேர்ந்தார். ஜெனி கதை நடத்துவதாகத்தான் ஏற்பாடு. ஒரே வாரத்தில் நீ பிடுங்கிக்கொண்டாய்.

"என்னட்டி இது, எங்க பாத்தாலும் பனிமலையா இருக்கு? இதுல எவ நடப்பா? நான் ஒரு நாடு போடுதேன்" என்று சார்ட் தாளை விரித்தாய்.

உன் நாட்டில் பனை இருந்தது. மேற்கே மழையை மறித்து நிற்கும் மலை, நடுவே வற்றாத ஆறு, தெற்கே திசையன்விளைப் பக்கத்துத் தேரியைப் போலக் காற்றில் இடம் மாறும் செம்மணல், அதற்கும் அப்பால் நீ பிறந்த உவரியின் கடல். அரக்கன்கூட வெயிலுக்குத் தலையில் துண்டு போட்டிருந்தான்.

வேடம் தேர்ந்த நாளை மறந்திருக்கமாட்டாய். வீரன், திருடி, மந்திரவாதி, பூசாரி என்று ஜெனி வகைகளைச் சொன்னாள். பூசாரி என்பவள் ஒரு சாமியை வேண்டி, அதன் அருளால் கூட வருகிறவர்களின் காயங்களை ஆற்றுகிறவள். கோயில் தேரோட்டத்தன்றுகூட டவுன் பக்கம் எட்டிப்பார்க்காத நான் மந்திரவாதியைத்தான் எடுப்பேன் என்று நீ முன்கூட்டியே எழுதி வைத்திருந்தாய். நான் பூசாரி என்றேன்.

"நீயாளா? விபூதியைக் கண்டா சுண்ணாம்பான்னு கேக்கவ நீ."

"எல்லாச் சாமிகிட்டயும் ஒரே தூரத்துல நிக்கவ நான். என்னையவிட நடுநிலையான பூசாரி உனக்கு எங்க கெடப்பா?"

அண்ணாச்சியும் சாமி சம்பந்தப்பட்ட வேடத்தையே எடுத்தார். விரதவீரன். கடவுள் பேரில் ஆணையிட்டு, பொய்யே பேசாமல் வாள் சுழற்றுகிறவன். ஏன் என்று ஜெனி கேட்டதற்கு, "கூண்டுல ஏறுனவன் அம்புட்டுப் பேருக்கும் சத்தியப் பிரமாணம் சொல்லிக் குடுத்தவன்லா நான். சொன்னபடி ஒருத்தனாவது இருந்தா எப்படி இருக்கும்னு பாக்கணும்" என்றார். பார்த்தோம். கணவாயில் கொள்ளையர்கள் வழிமறித்து வண்டிக்குள் என்ன என்று கேட்டபோது, அவர் நெஞ்சை நிமிர்த்தி, "தங்கம். அப்புறம் எங்க கூட வந்த திருடி ஒருத்தி அந்தப் பாறைக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கா" என்று சொன்னார்.

"அண்ணாச்சி! அது நான்!" என்று ஜெனி அலறினாள்.

"கேட்டானில்ல தாயி? கேட்டா சொல்லணும்லா."

நீ சிரித்துச் சிரித்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாய். அன்றைக்கு எங்கள் மூவரையும் கட்டிப்போட்டு, தங்கத்தையும் கொண்டுபோய்விட்டார்கள்.

உன் மேசையில் ஒரு வழக்கம் இருந்தது. வேறெங்கும் அப்படி இல்லை என்று ஜெனி சொல்கிறாள். பூசாரி 'காயத்தை ஆற்றுகிறேன்' என்று சொல்லிவிட்டுப் பகடையை உருட்டினால் செல்லாது. வேண்டுதலை வாய்திறந்து சொல்ல வேண்டும். "தேவாரமும் ஆகாது, செபமாலையும் ஆகாது. சொந்தமா சொல்லு. ஒரு நேரத்துக்கு ஒண்ணுதான் கேக்கணும்" என்றாய். என் பூசாரிக்கு ஒரு சாமியையும் நீயே உண்டாக்கினாய். கரையம்மை. ஆற்றிலும் கடலிலும் தத்தளிக்கிறவர்களுக்காகக் கரையில் நிற்கிறவள்.

நான் முதலில் சொன்ன வேண்டுதல், "மதிப்பிற்குரிய கரையம்மைக்கு, எமது குழுவைச் சேர்ந்த திருடியின் முழங்கால் காயத்தை ஆற்றித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன்" என்பது. நீ கண்ணை மூடி ஒரு நிமிஷம் இருந்தாய். பிறகு, உவரிக் கடற்கரையில் மீன் ஏலம் விடும் பெண்களின் குரல் உன் வாயிலிருந்து வந்தது.

"எவளா அது, கரையில வந்து லீவு லெட்டர் வாசிக்கவ? வலையைக் காயப்போட விட மாட்டீங்களா? முழங்கால்னா நல்லா மஞ்சளை அரைச்சுப் போடு. இந்தா, இந்தத் தடவை ஆத்தித் தாரேன். இனிமே மனுசி மாதிரிக் கேளு."

மனுஷியைப் போலக் கேட்க எனக்குப் பல ஞாயிறுகள் பிடித்தன. மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்த உன் முகத்தைப் பார்த்துக் கேட்டுப் பழகினேன். பிறகு எளிதாகிவிட்டது.

ஏன் பூசாரியை விடாமல் பிடித்துக்கொண்டேன் என்று நீ பலமுறை கேட்டாய். நடுநிலை என்று நான் சொன்னதெல்லாம் வாய்ப்பேச்சு. இப்போது சொல்கிறேன். கேட்டால் விடை வரும் என்கிற ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது. விடை வராவிட்டால் பகடை சரியாக விழவில்லை என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். ஆய்வுக்கூடத்தில் வாழ்ந்தவளுக்கு அந்த நேர்மை போதும். இன்னொரு காரணமும் உண்டு. சண்டை முடிந்ததும் எல்லோரும் பூசாரியைத்தான் தேடுவார்கள். "பெரியத்தை, எனக்கு ரத்தம் போகுது" என்று ஜெனி, "அம்மா, எனக்கும் ஒரு வார்த்தை கேளுங்க" என்று அண்ணாச்சி. கல்யாணம் செய்துகொள்ளாமல், ஓய்வும் பெற்றுவிட்ட ஒருத்தியைத் திங்கள் முதல் சனி வரை யார் தேடுகிறார்கள்? பால்காரர். அவரும் இப்போது பாக்கெட்டை வாசலில் போட்டுவிட்டுப் போகிறார்.

நீயோ தினமும் காலைப் பூசைக்குப் போகிறவள். உன்னால் பூசாரியாக ஆட முடியவில்லை. ஒரு ஞாயிறு ஜெனி கதை நடத்துவதாகவும், நீ பூசாரி எடுப்பதாகவும் பேச்சு வந்தபோது, "திருடியா வேணா வாரேன், கொலைகாரியா வேணா வாரேன், அது மட்டும் ஆகாது" என்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாய். நான் பின்னாலேயே வந்தேன். நீ சாளை மீனைச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாய்.

"ஏன் பிலோ? பாவமா?"

"பாவமாவது புண்ணியமாவது. நான் தெனமும் பேசுதவரு ஒருநாளும் வாய் தெறந்ததில்லளா. எங்க அம்மை நோவுல கெடந்தப்ப கேட்டேன், பேசல. தம்பி கடலுக்குப் போயி ரெண்டு நாளு வராதப்ப கேட்டேன், பேசல. தம்பி வந்துட்டான், அது வேற. இங்கன பகடையை உருட்டுனதும் பதில் வருதுன்னு வச்சுக்க, எனக்கு அவரு மேல கோவம் வந்திரும். இந்த வயசுல அவருகிட்ட கோவிச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?"

"பதில் சொல்லாதவர்ட்ட என்னத்துக்குப் பேசுத?"

நீ கத்தியை நிறுத்தி, நான் ஏதோ முட்டாள்தனமாகக் கேட்டுவிட்டதைப் போலப் பார்த்தாய். "பேசாம எப்படிளா இருக்க?" என்றாய்.

அந்தக் கேள்வியை நான் அன்றைக்குத் தர்க்கப்பிழை என்று ஒதுக்கினேன்.

உன் கடைசி ஞாயிறு. ஆட்டத்தில் செந்தேரியைக் கடக்கும்போது அண்ணாச்சியை மணலுக்குள்ளிருந்து ஏதோ கடித்துவிட்டது. விஷம் தொடையைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. நான் மணலில் மண்டியிட்டேன். "கரையம்மா, இவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். இவரை வைத்துக்கொண்டு ஊர் போய்ச் சேர்வது பெரும்பாடு. இருந்தாலும் இவர் வேண்டும்" என்று கேட்டேன். பகடை உருண்டு நின்றது. நீ குனிந்து பார்த்தாய். உன் நெற்றி வேர்த்திருந்தது.

"அம்மை கேட்டுட்டா. பதிலை அடுத்த ஞாயித்துக்கிழமை சொல்லுதேன். கொஞ்சம் பைய படுக்கேன்" என்று எழுந்துபோனாய்.

அடுத்த ஞாயிற்றுக்கு நீ இல்லை. மாரடைப்பு என்றார்கள். எனக்குத் தொலைபேசி வந்தபோது நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஆய்ந்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். ஏன் என்று கேட்காதே, எனக்குத் தெரியாது.

கோயிலில் உன் அடக்கப் பூசையின்போது கடைசி வரிசையில் நின்றேன். எல்லோரும் ஒரே குரலில் செபம் சொன்னார்கள். எனக்கு அந்த வார்த்தைகள் தெரியும், உன்னோடு இத்தனை காலம் இருந்தவளுக்குத் தெரியாமல் போகுமா? ஆனால் அவை சொந்த வார்த்தைகள் அல்ல. கல்லறையில் ஜெனி என் கையைப் பிடித்து, "பெரியத்தை, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள். வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. சொந்தமாக வேண்டுதல் சொல்ல நான் ஒரே ஒருத்தியிடம்தான் கற்றிருந்தேன். நான் வாழ்நாளில் வேண்டியதெல்லாம் அவள் முகத்தைப் பார்த்துத்தான். அந்த முகத்தை மூடிவிட்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் மிக நீளமானவை ஆகிவிட்டன. காலையில் மணி அடிக்கும். நீ பூசை முடிந்து, மார்க்கெட்டில் மீன்காரியோடு சண்டையும் முடிந்து, எத்தனை மணிக்கு எனக்கு ஃபோன் செய்வாய் என்பதை என் காது இன்னும் வைத்திருக்கிறது. பிற்பகலில் காபியை இரண்டு பேருக்குப் போட்டுவிட்டு இரண்டையும் நானே குடிக்கிறேன். ராத்திரி தூக்கம் கெடுகிறது. என் அம்மாவின் குங்குமச் சிமிழில் பகடையைப் போட்டு வைத்திருந்ததைப் பார்த்து நீ சிரிப்பாயே, அது அலமாரியில் அப்படியே இருக்கிறது. சில நாள் எடுத்துக் குலுக்கிப் பார்ப்பேன். சத்தம் கேட்பதற்கு.

போன மாதம் ஜெனி கூப்பிட்டாள். அவள் அலுவலகம் பெங்களூருக்கே வரச்சொல்லிவிட்டது. "ஆட்டம் உண்டுன்னா ஞாயித்துக்கிழமைக்கு நான் பஸ் ஏறி வந்துருதேன் பெரியத்தை. இல்லைன்னா வீட்டைப் பூட்டிருவோம்னு அப்பா சொல்லுதாங்க" என்றாள். உன் வீடு பூட்டப்பட்டால் நான் போக இந்த ஊரில் வேறு வீடு இல்லை என்பது உனக்குத் தெரியும். உண்டு என்றேன்.

மேசையில் உன் நாற்காலியில் ஜெனி உட்காரவில்லை. தன் நாற்காலியைத் தள்ளிப்போட்டு உட்கார்ந்தாள். அண்ணாச்சி வந்ததுமே தொடங்கிவிட்டார். "மாசக்கணக்கா தேரியில கெடக்கேன்ம்மா. விசம் ஏறிக்கிட்டே இருக்கு. ஒரு வாய் தண்ணி குடுப்பாரில்ல." சிரிக்க முயன்றோம். ஜெனி கண்ணை மூடினாள். ஒரு நிமிஷம் இருந்தாள்.

"எவளா அது கரையில நிக்கவ..."

அச்சு அசல் உன் குரல், பிலோ. வலையும் ஏலமும் உப்பும் அதில் இருந்தன. உன் தம்பி மகள் அல்லவா, உன் குரல் அவளுக்கு வராதா?

"நிறுத்து" என்றேன். வகுப்பறைக் குரல் வந்துவிட்டது. அவள் முகம் சிறுத்துப்போயிற்று.

"அத்தை மாதிரி பேசலைன்னா வேற எப்படிப் பேச? நான் என்ன செய்யணுங்கீங்க?" என்றாள். "பூசாரிக்கு சாமி பதில் சொல்லியாகணும் பெரியத்தை. என் குரல் பிடிக்கலைன்னா வேற வேசம் எடுத்துக்கோங்க. மந்திரவாதி எடுங்க. அதுவும் மாட்டேன்னா நிறுத்திருவோம்."

அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. ஒரு வாரம் யோசிங்க. இத்தனை நாள் தாங்குன விசம், இன்னொரு வாரமா தாங்காது?" என்றார்.

அந்த வாரம் வீட்டில் உட்கார்ந்து ஒரு மந்திரவாதியை உருவாக்கிப் பார்த்தேன். அவள் கெட்டிக்காரி. எல்லாவற்றையும் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவள், எவரிடமும் எதையும் கேட்க வேண்டாதவள், விரல் நுனியால் காட்டையே கொளுத்துவாள். அவளைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல் வந்தது. அது வேடமே அல்ல. திங்கள் முதல் சனி வரை இந்த வீட்டில் அவள்தான் இருக்கிறாள்.

சனிக்கிழமை ஜெனியைக் கூப்பிட்டேன். "நான் பூசாரிதான். சாமியும் கரையம்மைதான். நான் கேப்பேன். நீ பதில் சொல்லாத."

"பதில் இல்லைன்னா உங்களுக்கு ஒரு சக்தியும் கிடையாது பெரியத்தை. ஒரு சிராய்ப்பைக்கூட ஆத்த முடியாது. வெறும் கம்பு மட்டும்தான் இருக்கும்."

"கம்பு போதும்."

"அண்ணாச்சி செத்துட்டாருன்னா?"

"அவரு உடம்புதானே, அவரே பகடையைப் போட்டுப் பாக்கட்டும். பிழைச்சா மஞ்சள் அரைச்சுக் கட்டுதேன். நடக்க முடியலைன்னா நான் சுமக்கேன்."

பிறகு அவள், "எத்தனை நாளைக்கு பதில் வராது?" என்றாள்.

"ஒருநாளும்" என்றேன். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. சளியாக இருக்கும் என்று இருவரும் வைத்துக்கொண்டோம்.

இன்றைக்கு ஆடினோம். நான் மண்டியிட்டேன், கதைக்குள்தான், முழங்கால் வலி உனக்குத் தெரியும். உன் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு வாய்திறந்து சொன்னேன்: "கரையம்மா, உன் பூசாரி வந்திருக்கிறேன். அண்ணாச்சி இன்னும் மணலில் கிடக்கிறார். போன தடவை ஒன்று கேட்டேன், அதே ஒன்றுதான். வேறு புதிதாக எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆகிவிட்டது, அதைச் சொல்லத்தான் வந்தேன்."

ஜெனி வாயை இறுக மூடிக்கொண்டாள். நீ பதிலுக்கு எடுத்துக்கொள்ளும் நேரம் போயிற்று. மின்விசிறி சுற்றியது. தெருவில் ஒருவன் "வெள்ளரிப் பிஞ்சேய்" என்று கூவிக்கொண்டு போனான். நேரம் அதற்குமேலும் போயிற்று. யாரும் எதையும் இட்டு நிரப்பவில்லை. அந்த அமைதி வெறுமையாக இருக்கும் என்று அஞ்சியிருந்தேன். வெறுமையாகத்தான் இருந்தது, பிலோ. உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். ஆனால் அதில் உட்கார முடிந்தது.

பிறகு அண்ணாச்சி தன் பகடையைத் தானே உருட்டினார். மயிரிழையில் தப்பினார். உயிர் உண்டு, ஒரு கால் இல்லை என்று ஜெனி சொன்னாள்.

"சுமக்கேன்னு சொன்னீங்களாமே? என் கவசமே ரெண்டு மூட்டை நெல்லு கனம் வரும்மா" என்றார் அண்ணாச்சி.

"கவசத்தைக் கழத்திப் போடும். உம்ம மட்டும்தான் சுமப்பேன்."

"கவசத்தைக் கழத்த மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்லா!"

ஆகையால் செந்தேரியில் இப்போது ஒரு பூசாரி, கவசத்தோடு ஒரு கிழவரை முதுகில் ஏற்றிக்கொண்டு நடக்கிறாள். முன்னால் ஒரு திருடி வழி பார்க்கிறாள். பொழுது சாய்வதற்குள் நாலு மணல்மேடுகூடத் தாண்டவில்லை. இந்த வேகத்தில் ஆற்றங்கரை போய்ச் சேர மழைக்காலம் வந்துவிடும். ஜெனி அதுவரைக்கும் பஸ்ஸுக்கு முன்பதிவு செய்திருக்கிறாள். உன் வீட்டைப் பூட்டவில்லை.

கடவுள் இருக்கிறார் என்று நான் இன்றைக்கும் ஒப்பவில்லை. நீ இப்போது அவரிடம் இருக்கிறாய் என்று உன் பங்குச் சாமியார் சொன்னதையும் ஒப்பவில்லை. அடுப்படியில் நீ கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் தேடிப் பார்த்தேன். இல்லை. பேசாமல் எப்படி இருக்க?

ஞாயிறுதோறும் வருவேன். ஒரு நேரத்துக்கு ஒன்றுதான் கேட்பேன், வாய்திறந்து, சொந்தமாக. நீ வலையைக் காயப்போட்டுக்கொண்டிரு. பதில் சொல்ல வேண்டாம்.

நீ ஒப்பினாலும் ஒப்பாவிட்டாலும்,
உன் அக்காள்
சிவகாமி